பணியில் இறந்த தீயணைப்பு வீரருக்கு நினைவுக் கல்: செய்து கொடுத்த கடை எப்படி?

பணியில் இறந்துபோன எங்கள் நிலையத்து அண்ணன் ஒருவருக்காக, கல்லில் எழுத்து பொறித்துத் தரும் ஒரு கடையில் நினைவுக் கல் செய்யக் கொடுத்தோம். கல் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் சில விஷயங்களில் விடாப்பிடியாக நின்றதால்தான் அப்படி வந்தது.

முதலில் வாசகம். தீயணைப்பு வீரர் என்றதுமே கணினியில் ரெடிமேட் டிசைன்களை எடுத்துப் போட்டார்கள், நாலு பக்கமும் தீ ஜுவாலை, நடுவில் "மறைந்தாலும் மறையாத மாவீரர்" என்று. தீ விபத்தில் போனவர் பெயரைச் சுற்றித் தீயையே வரைந்து, அதை அவர் மனைவியைத் திறந்து வைக்கச் சொல்வதா? வேண்டாம் என்றோம், முகம் சுளிக்காமல் எடுத்துவிட்டார்கள். அன்று என்ன நடந்ததோ அதுதான் கல்லில் இருக்க வேண்டும் என்பது அண்ணியின் ஒரே விருப்பம். பெயர், பதவி, தேதி, கீழே "உள்ளே சிக்கிய இருவரை வெளியே கொண்டுவந்த பின், மூன்றாமவரைத் தேடிப் போனபோது கூரை இடிந்து விழுந்து இறந்தார்" என்ற வரி. எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் கடை என்பதால் "சுருக்கினால் உங்களுக்குத்தான் செலவு குறையும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், நல்லெண்ணத்தில்தான். நாங்கள் ஒரு எழுத்தும் குறைக்கவில்லை. மாவீரர் என்று மட்டும் இருந்தால், நாளைக்கு வேலையில் சேரும் பையனுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்?

எதில் செய்வது என்பதில் கடைக்காரர் நேர்மையாக இருந்தார். பித்தளை வெளியில் இருந்தால் கறுத்துவிடும், யாராவது தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லேசரில் பொறித்தால் அது கிரானைட்டின் மேல் பளபளப்பை மட்டும்தான் சுரண்டும், வெயில் மழையில் நிற்கப்போகும் கல்லுக்கு வேண்டாம் என்று, செலவு குறைவான அந்த வேலையை அவரே தள்ளிவிட்டார். கறுப்புக் கிரானைட்டில் மணலை வேகமாகப் பீய்ச்சி ஆழமாக வெட்டினார்கள், விரல் வைத்தால் எழுத்து தட்டுப்படுகிறது. படம் பீங்கானில் சுட்டது, சாதாரண பிரிண்ட் போல வெளுக்காது.

தமிழில்தான் சொதப்பல். முதலில் காட்டிய மாதிரியில் "கொண்டுவந்த" என்பதில் கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம் என்று சிதறிக் கிடந்தது, அவர்களுடைய பழைய மென்பொருளுக்குத் தமிழ் பிடிபடவில்லை போல. நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்து வாங்கி, சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் ஒப்புதல் கொடுங்கள். கல்லில் அழிப்பான் கிடையாது.

இதைத் திருத்துவதிலேயே நாள் போய்விட்டது. ஏப்ரல் 14-க்குக் கட்டாயம் வேண்டும், அதுதான் பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களுக்கான நீத்தார் நினைவு நாள் என்றதற்கு "ஒரு வாரம் தள்ளி வைக்கலாமே" என்றார் கடைக்காரர். 1944-ல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஏற்றிய போர்ட் ஸ்டிக்கீன் கப்பல் தீப்பிடித்து வெடித்து, அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததைச் சொன்ன பிறகு மனுஷன் மறுபேச்சு பேசவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கல் வந்து சேர்ந்தது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது பொருத்த வந்த ஆட்களுக்காக. அவ்வளவு கனமான கல்லை வெறும் பசையில் ஒட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள், நாங்கள் நிறுத்தி நாலு மூலையிலும் போல்ட் போடச் சொன்னோம். ஆர்டர் கொடுக்கும்போதே போல்ட் வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.