‘கெமிக்கல் இல்லாத பர்மனென்ட்’ என்று வீட்டுக்கு வந்து சூட்டுச் சீப்பு போடுகிறவர்கள்: தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் கவனம்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வீட்டுக்கே வந்து, அடுப்பில் சுடவைத்த உலோகச் சீப்பை (சூட்டுச் சீப்பு) இழுத்துச் சுருட்டை முடியை நேராக்கித் தருவார்களாம். ‘கெமிக்கல் கிடையாது, சீப்பு மட்டும்தான், ஆறு மாசம் கேரண்டி.’ கட்டணம் 4,500 ரூபாய். முடி வேலை தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே பொய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஏமாந்த ஒரு வீட்டில் நடந்தது இது. அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தங்கைக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜிபேயில் 2,000 முன்பணம், மீதி வேலை முடிந்ததும் கையில். வந்தவரிடம் இருந்தது மரப்பிடி போட்ட ஒரு சீப்பு, லேபிள் இல்லாத ஒரு பாட்டில். அதைக் ‘கெரட்டின் சீரம்’ என்றாராம். காலையில் தலைக்குக் குளித்த முடி. மேலே உலர்ந்திருந்தாலும் பிடரியில் ஈரம் போகவில்லை. பாட்டிலில் இருந்ததை வழிய வழியத் தடவி, சமையல் கேஸ் அடுப்பில் சீப்பை நேராகத் தீயில் காட்டி இழுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் முடி கண்ணாடி மாதிரி வழுவழுவென்று நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். காது மேல்விளிம்பில் ஒரு சூடு. அதற்கு டூத்பேஸ்ட் தடவச் சொல்லிவிட்டு, “ஏழு நாள் தலைக்குத் தண்ணி காட்டாதீங்க அக்கா, அப்பத்தான் செட் ஆகும்” என்று கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாளே வேர்ப்பக்கம் உப்பிக்கொண்டது. எட்டாம் நாள் தலைக்கு ஊற்றியதும் மொத்தச் சுருட்டையும் திரும்பி வந்துவிட்டது, நெற்றிக்கு இரண்டு பக்கமும் இருந்த கற்றைகளைத் தவிர. அவை மட்டும் துடைப்பக் குச்சி மாதிரி நேராக நின்றன. போன் போட்டால் பதில்: “பாத்தீங்களா, முன்னாடி செட் ஆயிடுச்சு இல்ல? பின்னாடி நீங்க வேர்க்க விட்டுட்டீங்க. இன்னொரு தடவை போட்டா சரியாயிடும். ரெண்டாயிரம் குடுங்க, போதும்.”

அந்த நேராக நின்ற கற்றைதான் கருகிய கற்றை. நாசமான இடத்தைக் காட்டியே வேலை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி மறுபடி காசு கேட்கிறார்கள். இதைவிடத் துணிச்சலான ஏமாற்று இந்தத் தொழிலில் குறைவு.

ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் இனி யாரும் உங்களை ஏய்க்க முடியாது. முடியின் புரதமான கெரட்டினைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் இங்கே முக்கியமானவை இரண்டு. ஒன்று ஹைட்ரஜன் கட்டு. சூடு பட்டாலும் தண்ணீர் பட்டாலும் அவிழும், காய்ந்தால் அல்லது ஆறினால் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி மாட்டிக்கொள்ளும். இரவு பின்னிப் போட்ட ஈரச் சடையை காலையில் அவிழ்த்தால் அலையலையாக இருக்கிறதே, அது இதுதான். இன்னொன்று கந்தகக் கட்டு. அதை அவிழ்த்து மாட்டத் தயோகிளைகோலேட் மாதிரி ஒரு மருந்தும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரும் வேண்டும். முழுத் தலைக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். சீப்பின் சூடு முதல் கட்டைத்தான் தொடுகிறது. ஆகவே தண்ணீர், வியர்வை, ஈரக்காற்று எது பட்டாலும் சுருட்டை திரும்பும். காசிமேட்டுக் கடல் காற்றில் ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் நின்றாலே பெரிய விஷயம். ‘கெமிக்கல் இல்லை’ என்பதும் ‘பர்மனென்ட்’ என்பதும் ஒரே வேலையில் சேரவே சேராது. சேர்ந்தால் முடி எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

“ஏழு நாள் தண்ணி காட்டாதீங்க” என்பதும் கடன் வாங்கிய வசனம். பார்லரில் மருந்து போட்டுச் செய்யும் சில வேலைகளுக்கு அப்படி மூன்று நாள் வரை சொல்வது உண்டு. சூட்டுச் சீப்புக்கு ‘செட்’ ஆவது என்று எதுவும் கிடையாது. சீப்பு இறங்கி முடி ஆறிய நிமிஷமே வேலை முடிந்தது. ஏழு நாள் என்பது காசு வாங்கிக்கொண்டு கிளம்ப அவர் எடுத்துக்கொள்ளும் அவகாசம்.

இதனால் சூட்டுச் சீப்பே மோசம் என்று சொல்லவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வீடுகளில் நூறு வருஷத்துக்கும் மேலாகப் புழங்கும் பொருள் அது. முடிப் பராமரிப்புப் பொருள்கள் விற்ற கறுப்பினத் தொழிலதிபர் மேடம் சி.ஜே. வாக்கர்தான் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகிறார்கள், சரியில்லை. சூடு பண்ணும் சீப்பு அதற்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தது, 1919இல் மறைந்த அவர் அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவர். அடுப்படியில் நாற்காலி போட்டு, பிள்ளை தன் காதைத் தானே மடக்கிப் பிடித்துக்கொள்ள அம்மா சீப்பு இழுப்பது அங்கே பழகிய காட்சி. பிடரியில் இருக்கும் முரட்டுச் சுருளுக்கே அவர்கள் பேச்சில் ‘கிச்சன்’ என்று பெயர். அந்த முடி இறுக்கமான ஸ்பிரிங் சுருள். அதற்காகவே அந்தக் கருவி. நம் பக்கத்தில் ‘சுருட்டை’ என்று சொல்வதில் பெரும்பாலும் அலையும் தளர்ந்த சுருளும்தான். அதற்கு வட்ட பிரஷ்ஷும் டிரையரும் போதும். அங்கே செய்வதைப் பார்த்து அதே சூட்டை இங்கே போடுவது பாதிக் கோளாறு.

மீதிக் கோளாறு அடுப்பில். கேஸ் தீயின் நாக்கு 1,900 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். முடிக்கு வேண்டியது மெல்லியதானால் 150க்குள், தடித்ததானால் 180, எப்படிப் போனாலும் 200 தாண்டக் கூடாது. அதற்கு மேல் காய்ந்த முடியின் கெரட்டினே குலையத் தொடங்கும். அப்புறம் எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் பழைய வடிவம் அதற்கு ஞாபகம் இருக்காது. சீப்பு பார்க்கச் சிவக்கவில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள்: இரும்பு மங்கலாகச் சிவக்கவே 500 டிகிரி தாண்ட வேண்டும். சிவக்காத சீப்பும் முடியை எரிக்கும்.

சோதனை சுலபம். அடுப்பிலிருந்து எடுத்த சீப்பை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஐந்து விநாடி அழுத்த வேண்டும். பேப்பர் பழுப்பேறினால் சீப்பு தலைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. ஆறவிட்டு மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். பேப்பர் வெள்ளையாகவே இருந்தால்தான் முதல் இழுப்பு. ஒவ்வொரு முறை அடுப்பில் வைத்து எடுத்த பிறகும் இது நடக்க வேண்டும், ஆரம்பத்தில் ஒரு தடவை மட்டும் அல்ல. வந்தவர் டிஷ்யூ கேட்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லலாம்.

சீப்பையும் பாருங்கள். நல்ல சூட்டுச் சீப்பு கனமான பித்தளையில் இருக்கும். துருப்பிடிக்காத எஃகைவிடப் பித்தளை ஆறேழு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்துவதால் பல்லுக்குப் பல் சூடு ஒரே மாதிரி வரும். இரும்பில் முலாம் பூசி, தங்க நிறத்தில் ‘பித்தளை’ என்று விற்பதும் நடக்கிறது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்தால் போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு. ‘டைட்டானியம்’ என்று சொல்லிக் காந்தம் ஒட்டினாலும் அதே கதைதான். பூச்சு உரிந்த பல் முடியைப் பிடித்து இழுக்கும், அந்த இடத்தில் சூடு இரண்டு விநாடி கூடுதலாக நிற்கும். பல்லில் கறுப்புக் கரி அப்பியிருந்தால் பழைய எண்ணெய் எரிந்து கிடக்கிறது. நைஸ் உப்புத்தாளில் தேய்த்துத் துடைக்காமல் யார் தலையிலும் போடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கும் மின்சாரச் சீப்பு, சீப்பைச் சூடாக்கும் மின் அடுப்பு இவற்றில் அடியில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது. மின்னழுத்தம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும் சூடு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும்.

அந்த லேபிள் இல்லாத பாட்டிலுக்கு வருவோம். தலையில் போடும் எந்தப் பொருளிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும், சட்டம் அப்படி. சூட்டுச் சீப்பு வேலைக்கு எந்தக் கெரட்டின் சீரமும் தேவையே இல்லை. சூடு தாங்கும் சிலிக்கோன் ஸ்பிரேயோ சீரமோ ஒரு கற்றைக்கு இரண்டு துளி, உள்ளங்கையில் தேய்த்துத் தடவினால் சரி. வழிய வழியத் தடவினால் எண்ணெய் கொதித்து மண்டையில் இறங்கும். சுடுவது சீப்பு மட்டுமல்ல, அந்த எண்ணெயும்தான். வீட்டுத் தேங்காயெண்ணெய் 175 டிகிரி பக்கத்திலேயே புகைய ஆரம்பித்துவிடும், அதனால் அதுவும் வேண்டாம்.

ஈரம் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முடிக்குள் இருக்கும் தண்ணீர், நூறு டிகிரிக்கு மேலான உலோகம் பட்டதும் ஆவியாகி உள்ளேயே குமிழ் விடும். பிறகு அந்த இடத்தில் முடி ஒடியும். ‘சுர்’ என்று சத்தம் வந்தால் ஈரம் இருக்கிறது அல்லது எண்ணெய் அதிகம், இரண்டில் ஒன்று. ஆட்டுத்தலை வாட்டும் கடைப் பக்கம் வருமே ஒரு வாடை, அது வந்தால் முடி ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. “புகை இல்ல, ஆவிதான்” என்று சமாளிப்பார்கள். ஆவிக்கு அந்த வாடை கிடையாது.

ஒழுங்காகச் செய்தால் இப்படி நடக்கும். ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போக அலசி, கண்டிஷனர் போட்டு, டிரையரில் வேர் வரை காய வைக்க வேண்டும்; அடர்த்தியான முடிக்கு இதற்கே முக்கால் மணி நேரம் ஆகலாம். தலையை நான்காகப் பிரித்து கிளிப் போட்டு, பிடரியிலிருந்து தொடங்கி ஒரு அங்குலத்துக்கு மேல் போகாத கற்றையாக எடுக்க வேண்டும். சிக்கு எடுத்த கற்றையில் மட்டும் சீப்பு இறங்கும். பல்லை உள்ளே விட்டதும் மணிக்கட்டைத் திருப்பி, சீப்பின் முதுகு முடியில் அழுந்தும்படி மெதுவாக நுனி வரை கொண்டுபோக வேண்டும். நேராக்குவது அந்த முதுகுதான். பல் வழிகாட்ட மட்டும். இது தெரியாதவர்கள் சாதாரணச் சீப்பு மாதிரியே வாரிவிட்டு, நேராகவில்லை என்று சூட்டைக் கூட்டுவார்கள். மண்டைத் தோலிலிருந்து அரை அங்குலமாவது தள்ளி ஆரம்பிக்க வேண்டும். 70 டிகிரி உலோகம் ஒரு விநாடி பட்டாலே தோல் வெந்துவிடும், காது எம்மாத்திரம்.

ஒரு கற்றைக்கு மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. இதற்கு மென்பிரஸ் என்று பெயர். பாதிக்குக் கொஞ்சம் மேல் சுருட்டை எடுபடும், நம் முடிக்கு அது தாராளம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தடவை போடுவது ஹார்டு பிரஸ், முழுச் சுருட்டையும் போகும், சேதமும் அந்த அளவுக்கு. ஏற்கெனவே ஸ்மூத்தனிங் (மருந்து போட்டு நேராக்குவது) செய்த முடி, பிளீச் அடித்துக் கலர் போட்ட முடி, தலையில் புண் இருப்பவர்கள், குழந்தைகள்: இவர்களுக்கு எந்த பிரஸ்ஸும் வேண்டாம்.

இந்த வேலைக்கு இரண்டு மணி நேரக் கூலி வாங்குவதில் தப்பில்லை, “அடுத்த தலைக்குளியல் வரைக்கும்தான்” என்று சொல்லி வாங்கினால். 4,500 என்பது பர்மனென்டுக்கான விலை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் முதலில் முடியைச் சோதியுங்கள். நேராகவே நிற்கும் கற்றையிலிருந்து ஒரு முடி எடுத்து நனைத்து, பத்து சென்டிமீட்டர் துண்டை மெதுவாக இழுங்கள். பதின்மூன்று வரை நீண்டு, விட்டதும் சுருங்கினால் உயிர் இருக்கிறது. மிட்டாய் மாதிரி நீண்டு திரும்பாமல் நின்றாலோ பட்டென்று அறுந்தாலோ, எந்த ஹேர் ஸ்பாவும் அதை மீட்காது. அதற்கென்று 3,000 ரூபாய் ‘ரிப்பேர்’ பேக்கேஜ் விற்க அடுத்த ஆள் காத்திருப்பார், ஏமாறாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும். மாதம் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிற கணக்கில் 25 சென்டிமீட்டர் திரும்ப வர இருபது மாதம். மறுபடி சீப்பு போட்டுக்கொள்ளவே கூடாது, இலவசமாகப் போட்டாலும்.

தோலில் சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. கொப்புளம் பெரிதானாலோ கண் பக்கம் பட்டாலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. தீக்காயத்துக்கென்றே தனி வார்டு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

பணத்துக்கு: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை உடனே எடுத்து வையுங்கள், புகார் என்றதும் முதலில் அழிவது அதுதான். ஜிபே ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தலைக்கு ஊற்றிய அன்றைய படம், உதிர்ந்து ஒடிந்த முடி ஒரு கவரில், பாட்டில் கிடைத்தால் பாட்டில். மீதியைக் கையில் கொடுத்திருந்தால் ‘மீதி 2,500 கொடுத்தோம், ஆறு மாசம் கேரண்டி சொன்னீங்க’ என்று அவருக்கே வாட்ஸ்அப்பில் எழுதிப் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் ரசீதுக்குச் சமானமாக உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் எல்லையிலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

மேலே சொன்ன வீட்டில் 1915க்குப் போட்டுவிட்டோம் என்று சொன்ன அன்று மாலையே 1,500 ஜிபேயில் திரும்பியது. மீதி 3,000க்கு இன்னும் ‘நாளைக்கு’ என்றுதான் பதில். எண்ணை மாற்றி, வேறு பெயரில் அதே விளம்பரம் இப்போது கொருக்குப்பேட்டைக் குழுக்களில் வந்திருக்கிறது.