பெயிண்டைத் தொடுவதற்கு முன் தண்ணீரைத் தேடிய பிளம்பர்

வாடகை வீட்டில் சுவர் ஊறிப் பூசணம் பிடித்திருந்தால், சென்னையில் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் இருப்பவர்கள் இவர்களைத் தயங்காமல் கூப்பிடலாம். பெயர்ப்பலகை வைத்த கடை கிடையாது. ஒரு பிளம்பர், ஒரு கொத்தனார், ஒரு கையாள், அவ்வளவுதான். பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் நம்பர் தருவார்கள்.

எங்களுடையது முதல் மாடி. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் மேலிருந்து ஊறி இறங்கிக்கொண்டே வந்தது. பெயிண்ட் உப்பி உதிர, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். பையனுக்கு வீசிங் உண்டு; அந்த அறையில் படுத்தால் விடியற்காலையில் இருமல் நிற்காது. முதலில் வந்து பார்த்த வேறொருவர், "டேம்ப் புரூஃப் அடிச்சிடலாம் மேடம்" என்று, ஈரம் தடுக்கும் பெயிண்டுக்குச் சதுர அடிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த பிளம்பர் அண்ணன் பெயிண்ட் பேச்சையே எடுக்கவில்லை. ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதினார். "மேல்வீட்ல குளிச்சா ஜாஸ்தியாகுதா, எப்பவும் ஒரே மாதிரி ஊறுதா, அத மட்டும் பாருங்கக்கா" என்றார். தண்ணீர் வரும் குழாய் லைனில் கசிவு என்றால் நாள் முழுக்க ஊறும். கழிவு லைனோ தரையோ என்றால் தண்ணீர் புழங்கும்போதுதான் ஊறும். மேல்வீட்டு மாமி ஊருக்குப் போயிருந்தபோது கோடு அப்படியே இருந்தது. அவர் திரும்பியதும் ஈரம் கோட்டைத் தாண்டி இறங்கியது.

அப்புறம் மாமியின் குளியலறையில் நானி டிராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் துவாரத்தை, துணியால் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, அதில் சொட்டு நீலம் கலந்து ராத்திரி முழுக்க விட்டார். மறுநாள் எங்கள் குளியலறையில், பைப் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில், நீலமாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தன் வீட்டில் கசிவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மாமி அதை வந்து பார்த்தார். அதற்குமேல் வாக்குவாதம் இல்லை. டிராப்பைச் சுற்றி நான்கு டைல்களை மட்டும் உடைத்து, இணைப்பைச் சரிசெய்து, டைல் இடுக்குகளுக்கு எபாக்ஸி அடைத்தார்கள். மறுபடியும் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கீழே எங்கள் சுவருக்கு வந்தார்கள்.

அங்கே அவர்கள் காட்டிய பொறுமைக்குத்தான் முழு மதிப்பெண். பூசணத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பறக்கும் என்று, முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்த பிறகே இற்றுப்போன பூச்சைக் கொத்தினார்கள். சுவரை அப்படியே காய விட்டார்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார் அண்ணன். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. "இன்னும் பட்டி பார்க்கக் கூடாது" என்று போய்விட்டார். தாள் வறண்டு நின்ற பிறகுதான் பூச்சு, பட்டி, பெயிண்ட் எல்லாம். இன்னொன்றும் சொன்னார்: பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பல வீடுகளில் இது நடக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள்.

மொத்தம் 9,500 ரூபாய். குளியலறை வேலைக்கு மேல்வீட்டு ஓனரும், சுவருக்கு எங்கள் ஓனரும் கொடுத்தார்கள். எங்கள் ஓனர் முதலில் இழுத்தார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்ட அட்டவணையில், கட்டிடப் பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. டேப் வாஷர், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அந்தப் பக்கத்தையும், பென்சில் கோடு, நீலச் சொட்டு போட்டோக்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பணம் வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. காலை ஒன்பது மணி என்றால் பன்னிரண்டுக்குத்தான் வருவார்கள், போன் செய்தாலும் எடுப்பதில்லை. பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது கட்டாயம் தேவை. ஆவணிக்குள் கூப்பிட்டுவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இவர்களும் கிடைக்க மாட்டார்கள், சுவரும் காயாது.