வெயில் காலத்தில் அல்லி, தாமரை பார்சலில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இணையத்தில் குளத்துச் செடிகள் விற்கும் ஒருவரிடம் அல்லியும் தாமரைக் கிழங்கும் வாங்கி ஏமாந்துவிட்டேன். இதே மாதிரி கட்டி அனுப்புகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். வெயில் ஏறும் நேரத்தில் ஆர்டர் போட நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பெட்டியைப் பிரித்ததுமே அழுகல் வாடை. பாலித்தீன் கவரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, செடியை இலையோடு அதில் அமுக்கி, வாயை இறுகக் கட்டி டேப் சுற்றியிருந்தார்கள். அல்லி இலைகள் கூழாகக் கரைந்து, தண்ணீர் பழுப்பாகிக் கிடந்தது. தாமரைக் கிழங்கை எடுத்தால் விரல் உள்ளே இறங்கியது. அதற்கு முளை நுனியும் இல்லை. வழியில் ஒடிந்திருந்தால் துண்டாவது கவருக்குள் கிடந்திருக்கும். இதிலோ கத்தி பட்ட வெட்டு நேராகத் தெரிந்தது. நுனி போன கிழங்கு பெரும்பாலும் முளைக்காமல் அழுகிவிடும் என்பது தாமரை விற்கிறவருக்குத் தெரியாத விஷயமா?

கேட்டதற்கு முதலில் வெயிலைக் காரணம் சொன்னார், அடுத்து கூரியர்காரரை. பிறகு, "தண்ணியில போட்டு வைங்க, தேறிடும்" என்றார். படங்களை அனுப்பியதும் பதிலே இல்லை. 'உயிரோடு வந்து சேரும்' என்ற உத்தரவாதம் கோடை மாதங்களுக்குப் பொருந்தாது என்று விற்பனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். பார்சல் சீட்டைப் பார்த்தால் சனிக்கிழமை மாலையில் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் வெந்திருக்கிறது.

வெயில் கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் செடிகளைக் கொன்றது கட்டிய விதம். நீர்ச்செடிதானே, தண்ணீரில் வைத்து அனுப்பினால் நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். விற்கிறவர்கள் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். இருட்டில் செடி ஒளிச்சேர்க்கை செய்யாது, சுவாசம் மட்டும் நடக்கும். சூடு ஏற ஏற அந்தச் சுவாசம் வேகமாகும். தண்ணீரோ சூடாகச் சூடாக ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்து வைக்கும்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 7.5. அந்தக் கொஞ்சமும் மூடிய கவருக்குள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன்பின் அழுகல் கிருமிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

ஒழுங்காக அனுப்புகிறவர்கள் வேரில் ஒட்டிய சேற்றை அலசிவிட்டு, பெரிய இலைகளையும் பூக்களையும் வெட்டி, இளந்தளிரை மட்டும் விடுவார்கள். ஈரச் செய்தித்தாளிலோ பாசியிலோ (மாஸ்; குளத்துப் பாசி அல்ல) சுற்றுவார்கள். பிழிந்தால் சொட்டாத ஈரம் போதும். அதன்மேல் கவர், அதற்கு வெளியே தெர்மோகோல் பெட்டி, கிழங்கு உருளாதபடி இடைவெளியில் காகிதம். குளிர்ப்பொதி (ஐஸ் பேக்) வைத்தால் அது செடியைத் தொடக் கூடாது; வெப்பமண்டல அல்லி குளிரிலும் கருகிவிடும். வாரத் தொடக்கத்தில்தான் கூரியரில் கொடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'இலவசம்' என்று ஒரு கொத்து வெங்காயத் தாமரையைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பெட்டியில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். ஏரியையும் ஆற்றையும் மூடிவிடும் செடி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் அதை விற்கவே தடை. கேட்காதவர் வீட்டுக்கு அதை அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களுக்கும் வந்தால் குளத்திலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். தண்ணீர் படாத இடத்தில் சருகாகும்வரை காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

வாங்கும் முன், உங்களுக்கு அனுப்பப்போகும் அதே கிழங்கின் படத்தைக் கேளுங்கள். முளை நுனி முழுதாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு கணுவாவது தெரிய வேண்டும். எப்படிக் கட்டுவார்கள், எந்தக் கிழமை அனுப்புவார்கள், கோடையிலும் உத்தரவாதம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சல் வந்ததும் சீட்டு தெரியும்படி வைத்து, பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். கிழங்கு கல்லுப்போல் கெட்டியாக இருந்தால் நிழலில், ஆழமில்லாத தண்ணீரில் போட்டு வைக்கலாம். அழுத்தினால் அமுங்கி நாற்றம் அடித்தால், அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். "தேறிடும்" என்ற பேச்சுக்குக் காத்திருந்தால் புகார் செய்வதற்கான கெடு முடிந்துவிடும்.