வென்டோயா, ரூஃபஸா, எட்சரா? பழைய லேப்டொப்புக்கு லினக்ஸ் பென்டிரைவ்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. பழைய லேப்டொப்பைத் தூக்கி வைக்காமல், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்று உவர்மலையிலும் கேட்கிறார்கள், கிண்ணியாவிலும் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். 64 பிட், 4 ஜிபி ரேம் என்றால் லினக்ஸ் மின்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். ரேம் 2 ஜிபிக்குக் கீழே, அல்லது 32 பிட் சிபியு என்றால் அதைவிட இலேசான அன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ். லுபுன்டு என்ற லினக்ஸ் 19.04 பதிப்பிலிருந்து 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

லினக்ஸ் ஐஎஸ்ஓவாக, அதாவது முழு நிறுவலும் அடங்கிய ஒரே கோப்பாக இறங்கும். அதைப் பென்டிரைவில் எதைக் கொண்டு ஏற்றுவது? வென்டோய், ரூஃபஸ், எட்சர் மூன்றும் அதற்கான மென்பொருள்கள். என் தெரிவு வென்டோய்.

எட்சரில் மூன்று கிளிக்கில் வேலை முடியும். எழுதியதைத் தானே சரிபார்த்தும் தரும், அது பெரிய நல்ல குணம். ஆனால் மென்பொருளை இறக்கவே 100 எம்பிக்கு மேல் போகும். எழுதிய பிறகு விண்டோஸில் பென்டிரைவ் சில எம்பி அளவாகத் தெரிந்தால் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த டிஸ்க்கைத் தெரிவுசெய்து, கிளீன் கொடுத்து, திரும்ப ஃபோர்மட் செய்தால் முழு அளவும் வரும். டிஸ்க் இலக்கத்தை மட்டும் இரண்டு தரம் பாருங்கள். பிழைத்தால் ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

ரூஃபஸ் விண்டோஸில் மட்டும் ஓடும், மிகச் சிறியது. பென்டிரைவிலேயே உபுன்டு வகை லினக்ஸை ஓட்டி, செய்த மாற்றங்களையும் அதிலேயே சேமிக்க வேண்டுமென்றால் ரூஃபஸ்தான் சுகம்: ஒரு ஸ்லைடரை இழுத்து இடம் ஒதுக்கினால் போதும். வென்டோயில் அதற்குத் தனிக் கோப்பு உருவாக்கி, அமைப்புக் கோப்பும் எழுத வேண்டும்.

ஆனால் தொடர்ந்து பாவிக்கும்போது பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. ரூஃபஸிலும் எட்சரிலும் புதிய பதிப்பு வந்தால் பென்டிரைவை முழுதாக அழித்து மறுபடி எழுத வேண்டும். மின்ட் இருக்கும் பென்டிரைவில் அன்டிஎக்ஸுக்கு இடமில்லை. வென்டோயை ஒருமுறை நிறுவினால் போதும். பிறகு ஐஎஸ்ஓ கோப்பைப் பாட்டுக் கோப்புப் போல கொப்பி பண்ணினால் வென்டோயின் மெனுவில் பெயர் வந்து நிற்கும். பழையதை டிலீட் செய்யலாம். வென்டோயை அப்டேட் செய்தாலும் கோப்புகள் அழியாது.

இன்னொரு இலாபம், டொங்கிள் டேட்டாவில் வாழ்பவர்களுக்குப் பெரியது: ஐஎஸ்ஓ முழுக் கோப்பாகவே அங்கே இருக்கும். இரவு டேட்டாவில் இறக்கிய கிட்டத்தட்ட 3 ஜிபியை மூதூரில் இருக்கும் நண்பர் திரும்ப இறக்க வேண்டியதில்லை. உங்கள் பென்டிரைவிலிருந்து எடுத்துக்கொள்வார். ரூஃபஸின் ஐஎஸ்ஓ முறையில் உள்ளடக்கம் பிரிந்து பரவிவிடும், அந்தக் கோப்பை அப்படியே திரும்ப எடுக்க முடியாது.

32 ஜிபி பென்டிரைவ் போதும். சில பழைய பயோஸ்கள் (மெஷினைத் தொடக்கிவிடும் அடிப்படை மென்பொருள்) 137 ஜிபிக்கு அப்பால் வாசிக்கா. வென்டோய் நிறுவும்போது பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். பார்ட்டிஷன் வகையை எம்பிஆர் என்றே விடுங்கள். பழைய மெஷினும் எழும்பும், புதியதும் எழும்பும். முடிந்ததும் ஒரு பெரிய பகுதியும் 32 எம்பியில் விடோய்இஎஃப்ஐ என்ற சிறு பகுதியும் இருக்கும். சின்னதைத் தொடாதீர்கள்.

செக்யூர் பூட் (நம்பகமற்ற மென்பொருள் தொடங்குவதைத் தடுக்கும் பூட்டு) உள்ள மெஷினில் முதல் தடவை நீலத் திரையில் 'வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' என்று வரும். பயப்பட வேண்டாம். ஓகே கொடுத்து, 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' என்பதில் விடோய்இஎஃப்ஐக்குள் போய், அங்குள்ள சாவிக் கோப்பைத் தெரிவுசெய்து ரீபூட் செய்யுங்கள். அந்த மெஷினில் திரும்பக் கேட்காது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் மெஷினின் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலைசெய்யாவிட்டால் பயோஸுக்குள் அதை இயக்கிவிட வேண்டும்.

வென்டோயின் பலவீனம், கொப்பி சரியாக விழுந்ததா என்று அது தானாகப் பார்க்காது. மலிவான '64 ஜிபி' பென்டிரைவ்களில் உண்மையில் 8 ஜிபிதான் இருக்கும் போலிகளும் உண்டு. கொப்பி முடிந்தது போலவே காட்டும், நிறுவும்போது பாதியில் கவிழும். கொப்பி முடிந்ததும் பிடுங்காமல் 'சேஃப்லி ரிமூவ்' கொடுங்கள். பிறகு வென்டோய் மெனுவில் ஐஎஸ்ஓவின் மேல் நின்று எம் விசையை அழுத்தி, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணை, அந்த லினக்ஸின் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சில நிமிடம் எடுக்கும். பற்றரி செத்த லேப்டொப் என்றால், மாரியில் கரண்ட் போய்ப்போய் வரும் நாளில் நிறுவலைத் தொடங்கவே வேண்டாம்.

அரிதாகச் சில மெஷின்கள் வென்டோய் மெனுவைத் தாண்டி கறுப்புத் திரையிலேயே நிற்கும். கன்ட்ரோலும் ஆர் விசையும் அழுத்தி கிரப்2 என்ற மாற்றுப் பூட் முறையில் ஒருமுறை பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ரூஃபஸ்தான். அதன் கோப்பையும் இதே பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எழுதுவதற்கு இன்னொரு 8 ஜிபி பென்டிரைவும் பையில் இருக்கட்டும்.