நடுவரை அடித்தால்: போலீஸா, சங்கமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு கபடிப் போட்டியில், அவுட் கொடுத்ததற்காக நடுவரின் சட்டையைப் பிடித்து அறைந்துவிட்டார்கள் என்றால் அவர் எங்கே போவது?

போலீஸுக்குப் போனால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவு: ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் லேசான காயத்துக்கு மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையில் இறங்க முடியாது. எலும்பு முறிந்தால் கதை வேறு. 117(2)இன்படி 7 ஆண்டு வரை சிறை. கலிபோர்னியாவில் நடுவரைத் தாக்குவதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. நமக்கும் வேண்டும்.

கபடிச் சங்கம் விதிக்கும் தடை, அதில் பதிவு செய்தவர்களை மட்டுமே தொடும். வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து எகிறி வந்தவரை அது என்ன செய்யும்?

என்னைக் கேட்டால், அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்து, காவல் நிலையத்தில் மனு ரசீதும் வாங்கிவிட வேண்டும். சங்கத்துக்குக் கடிதம் மறுநாள் போகட்டும்.