பென்னாகரம் ரோட்டு சலூன்: அப்பா நாற்காலியா, மகன் நாற்காலியா?

தருமபுரி பென்னாகரம் ரோட்டில் இருக்கும் இந்த சலூனில் ரெண்டே நாற்காலிதான். கட்டிங் 120, ஷேவிங் 60. ஏசி கிடையாது, ஆனால் துண்டு துவைத்ததாக இருக்கும், பிளேடை நம் கண் முன்னாலேயே புதுசாகப் பிரித்துப் போடுவார்கள். கை சுத்தத்தில் அப்பா, மகன் ரெண்டு பேருக்கும் குறை சொல்ல முடியாது. எதில் உட்காருவது என்று மட்டும் யோசித்து முடிவு பண்ணுங்கள், ஏனென்றால் முடிவெட்டோடு சதிக்கதையும் உண்டு, நாற்காலிக்கு ஒரு ரகம்.

அப்பாவிடம் எப்போதும் நேதாஜிதான். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவான் விமான விபத்தில் அவர் சாகவில்லை என்று ஆரம்பிப்பார். இதை விசாரிக்க அரசு அமைத்த ஷா நவாஸ் கமிட்டியும் கோஸ்லா கமிஷனும் இறந்துவிட்டார் என்றே சொன்னதை மறைக்க மாட்டார். 2005இல் முகர்ஜி கமிஷன் விபத்தில் இறக்கவில்லை என்று அறிக்கை கொடுத்ததையும், மத்திய அரசு அதை ஏற்காததையும் சேர்த்தே சொல்வார். குறுக்கே பேசினால் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "சரி தம்பி, ஜப்பான் கோயில்ல இருக்கிற அஸ்தியை ஏன் டிஎன்ஏ டெஸ்ட் பண்ணல?" என்பார். நான் அவர் கட்சி இல்லை, ஆனால் மோத அங்கே ஒரு வாதம் இருக்கிறது. அமெரிக்க அதிபர் கென்னடி 1963இல் கொல்லப்பட்ட பிறகு, அதை விசாரித்த வாரன் கமிஷன் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து மேய்ந்தவர்களும் இந்த ரகம்தான்.

மகன் நாற்காலியில் கண்ணாடி ஓரமாக போனைச் சாய்த்து வைத்து ரீல்ஸ் ஓடும். நிலாவில் மனிதன் இறங்கியதே பொய் என்பார். "நிலாவுல காத்தே இல்ல, கொடி எப்படிண்ணா ஆடுது?" கொடிக்கு மேலே குறுக்குக் கம்பி இருந்தது, நம்ம சந்திரயான்-2 எடுத்த படத்திலேயே அப்பல்லோ 11 இறங்கிய கலத்தின் அடிப்பாகம் தெரிகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் 5ஜி டவரால்தான் கொரோனா என்று அடுத்த வீடியோ வந்துவிட்டது. இந்தியாவில் 5ஜி தொடங்கியதே 2022 அக்டோபரில், கொரோனா வந்தது 2020இல்! யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்கண்ணா." அவ்வளவுதான் ஆதாரம். பிரிட்டனில் இதை நம்பி டவரையே கொளுத்தினார்கள். இங்கே 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸப் வதந்திக்குப் பயந்து பிள்ளைக்கு ஊசியே வேண்டாம் என்ற பெற்றோர் உண்டு, அதனால் இதைச் சும்மா பொழுதுபோக்கு என்று என்னால் விட முடியவில்லை.

அப்பாவின் பழைய ரகமும் சாது என்று சொல்ல முடியாது. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்று 1903இல் ரஷ்யாவில் வெளியான ஆவணம், திருடி எழுதிய போலி என்று லண்டன் டைம்ஸ் 1921இலேயே நிரூபித்தது; அப்புறமும் நாஜிகள் அதைப் பரப்பினார்கள். நிஜச் சதிகளும் உண்டு. அலபாமாவில் சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்கு அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே 1932 முதல் 1972 வரை சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. அது வெளியே வந்தது உள்ளே வேலை பார்த்தவர் கொடுத்த தகவலாலும் பத்திரிகைச் செய்தியாலும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அள்ளும், மற்ற நாள் காலையில் போங்கள். ஃபேட் கட் என்றால் மகன்தான் சரி, போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்னால் கோபிக்காமல் வைத்துவிடுவார். ஜிபே உண்டு. செவ்வாய் விடுமுறை. அஞ்சுக்கு நாலு.