தறிப் பஞ்சுக்கு நடுவே நாலு வருடம்: ஒரு பிஎஸ் 5, பத்தொன்பது ரோபோ

போன ஞாயிற்றுக்கிழமை என் பிஎஸ் 5-இன், அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோலின், வெள்ளைத் தகடு இரண்டையும் கழற்றினேன். விளக்குக்குத் திரி திரிக்கிற அளவுக்கு உள்ளே பஞ்சு. எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறது, இரண்டு பக்கமும் விசைத்தறி, காலையில் துடைத்த டிவி மேல் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். தறி ஓடுகிற தெருவில் கன்சோல் வைத்திருப்பவர் எழுதிய அனுபவம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன். கூடவே அலமாரியில் இருக்கும் ரோபோ பொம்மைகளையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாலு வருடம் இரண்டையும் துடைத்துத் துடைத்து, இரண்டுக்கும் நான் கேட்பது ஒரே கேள்வியாகிவிட்டது: இதைக் கழற்றி மாட்ட முடியுமா?

பிஎஸ் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தது. எனக்குக் கிடைத்தது அந்த வருடக் கடைசியில். டிஸ்க் போடும் முதல் மாடல், 39 செ.மீ. உயரம், 4.5 கிலோ. அப்போது எல்லோரும் அதன் தோற்றத்தைத்தான் கிண்டல் செய்தார்கள், ரவுட்டருக்கு ராஜா காலர் வைத்த மாதிரி இருக்கிறது என்று நானும் சொன்னவன்தான். பழைய டிவிடி பிளேயருக்காக ஆசாரி செய்து கொடுத்த அலமாரியில் அது நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. கடைசியில் சுவர் மூலையில் ஒரு முக்காலி போட்டு நிறுத்தினேன். ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார், அந்தச் சந்தனக் கறை வலது தகட்டில் இன்னும் லேசாகத் தெரிகிறது. அதைத் தேய்த்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்தத் தகடுகள்தான் இந்த மெஷினின் பெரிய நல்ல விஷயம் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு ஸ்க்ரூ கூடக் கிடையாது, மூலையைத் தூக்கி ஒரு தள்ளு தள்ளினால் கையோடு வந்துவிடும். உள்ளே 120 மி.மீ. அகல விசிறி, இரண்டு பக்கத்திலிருந்தும் காற்றை இழுக்கிறது. தூசி சேர்வதற்கென்றே தனியாக இரண்டு குழி விட்டிருக்கிறார்கள், வாக்குவம் கிளீனர் முனையை அதில் வைத்தால் போதும். கேம்களைச் சேமிக்கக் கூடுதல் எஸ்எஸ்டி (சேமிப்புச் சில்லு) போடும் இடமும் அதே தகட்டுக்கு அடியில்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், வேலை முடிந்தது. புளோயர் அடிக்கிறவர்கள் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சும்மா சுழல விட்டால் மோட்டாருக்கு நல்லதில்லை. அதற்கும் உள்ளே நான் போவதில்லை. சிப்புக்கு மேல் சூட்டைக் கடத்தும் வழக்கமான பசைக்குப் பதிலாக இதில் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள், அதைத் தொட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. நான் பஞ்சை அள்ளிக் குப்பையில் போடுவதைப் பார்த்துவிட்டு, "எங்க பட்டறைத் தூசியக் கூட்டி வித்தாலாவது காசு வரும் கண்ணு, உன் தூசிக்கு என்ன வரும்?" என்றார். உண்மைதான், அங்கே தரையில் கூட்டிய மண்ணிலும் வெள்ளி இருக்கும், அதை வாங்கிப் பிரித்தெடுக்கவும் ஆள் இருக்கிறார்கள்.

சூரமங்கலத்தில் ஒரு நண்பனிடம் மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இருக்கிறது. அழகு என்று கேட்டால் என் ஓட்டு அதற்குத்தான். 15 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. உயரத்துக்கு ஒரு கறுப்புத் தூண், கீழே காற்றை இழுத்து உச்சியில் இருக்கிற பெரிய விசிறி வழியாக வெளியே தள்ளுகிறது, அடுப்படிப் புகைபோக்கி மாதிரி. சூடு மேலேதானே போகும், அது போகிற வழியிலேயே அனுப்பிவிட்டார்கள். திறக்க வேண்டுமென்றால் மட்டும் பின்னால் ஸ்டிக்கரை உரித்து அதற்கு அடியில் ஸ்க்ரூவைத் தேட வேண்டும். அவன் வீட்டுப் பக்கம் தறி இல்லை, மூன்று வருடமாக ஒரு முறை கூடத் திறக்கவில்லை, ஒன்றும் ஆகவும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு என் கேள்வியே தேவைப்படவில்லை.

சூடு என்றதும் 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 ஞாபகம் வராமல் இருக்காது. இடுப்பு ஒடுங்கிய அழகான உடம்பு, உள்ளே வெப்பம் ஏறி இறங்கி, சிப்பின் பற்றவைப்பு விரிசல் விட்டு, பழுதுக்கு அடையாளமாக முகப்பில் சிவப்பு வளையம் எரியும். 2007-இல் அதற்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டினார்கள், 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது ஆச்சரியமே படவில்லை. "சூடு ஏறி ஏறி எறங்குனா பத்த வெச்ச எடம் விடத்தான் செய்யும்" என்று ஊதுகுழலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கன்ட்ரோலர் பற்றிச் சுருக்கமாக. பிஎஸ் 5 கன்ட்ரோலரின் பிடியில் சொரசொரப்பாக இருப்பது முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் ஆகிய நாலு சின்னங்களும் பொடிப்பொடியாக அச்சான வேலைப்பாடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும், வியர்த்த கையிலும் வழுக்காது. ஆனால் அக்கா பையன் தட்டு வடை செட் தின்ற கையோடு பிடித்த அன்று அத்தனை சின்னத்திலும் பச்சைச் சட்னி. பழைய டூத் பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும். கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக், தொடாமலே தள்ளியது போல நடந்துகொள்ளும் தொல்லை எனக்கு இன்னொரு கம்பெனியின் கையடக்கக் கன்சோலில் வந்தது, பெயர் வேண்டாம். பெரும்பாலான கன்ட்ரோலரில் ஸ்டிக்குக்கு அடியில் ஒரு கரித்தடம், அதன் மேல் உரசுகிற ஒரு முள், உரசினால் தேயும். 1998-இல் வந்த செகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் காந்தம் வைத்து உரசலே இல்லாமல் செய்திருந்தார்கள். அப்போதே முடிந்திருக்கிறது என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

சரி, ரோபோவுக்கு வருகிறேன். கன்சோலும் ரோபோ பொம்மையும் எப்படி ஒரே பேச்சில் வரும் என்று கேட்டால், அவை பழைய சொந்தக்காரர்கள். 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது, கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே சரக்கு வேண்டாம் என்றார்கள். ஜப்பானில் ஓடிக்கொண்டிருந்த தன் மெஷினை 1985-இல் அங்கே கொண்டுபோன நின்டென்டோ, பெட்டிக்குள் ராப் என்ற சாம்பல் நிறக் குட்டி ரோபோவையும் வைத்து, இது பொம்மை என்று சொல்லிக் கடைக்குள் நுழைந்தது. அந்த ரோபோவுக்கென்று வந்த கேம் மொத்தமே இரண்டு. கேசட்டை வீடியோ பிளேயரில் போடுவது போல முன்பக்கமாகச் சொருகும்படி வைத்ததும் பழைய கேம் மெஷின் மாதிரித் தெரியக் கூடாது என்பதற்காகத்தான், அதனால் உள்ளே இருந்த பின்கள் வளைந்து படம் மின்னி மின்னி அணைந்தது. கடைக்காரரைச் சமாளிக்கச் செய்த டிசைன், அதற்குக் குழந்தைகள் பத்து வருடம் கேசட்டை ஊதினார்கள். நாமும் ஊதினோம். சித்தப்பா சென்னை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த டிவி கேமில், மேலிருந்து சொருகும் கேசட்டையே ஊதி ஊதி எச்சில் ஈரத்தில் அதன் பித்தளைப் பல்லைக் கறுக்க வைத்தவன் நான்.

என்னிடம் இருக்கும் பத்தொன்பதில் பதினாலு டிரான்ஸ்ஃபார்மர்கள், மடக்கித் திருப்பினால் வேறு பொருளாக மாறும் ரோபோ. 1984-இல் அமெரிக்க ஹாஸ்புரோ, ஜப்பானிய டகாராவின் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் பொம்மைகளை எடுத்து வேறு பெயரும் கதையும் கொடுத்து விற்றதுதான் இதன் தொடக்கம். அதனால்தான் முதல் வரிசையில் ஒருவன் கைத்துப்பாக்கியாகவும் இன்னொருவன் கேசட் பிளேயராகவும் மாறுகிறான், கதை எழுதுவதற்கு முன்பே பொம்மை இருந்தது. அப்பா இவற்றைக் கையில் எடுத்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், மூட்டைத்தான் பார்ப்பார். கொலுசுக் கொக்கியைப் பார்க்கிற அதே பார்வை. "இதுல திருகாணி இல்ல கண்ணு, ஆணிய அடிச்சு விட்டிருக்கான். ஆடுச்சுன்னா எப்படி இறுக்குவ?" என்றார் ஒரு நாள். நாலு வருடத்தில் நான் படித்த எந்த விமர்சனத்தையும் விட அது உபயோகமான கேள்வி. ஸ்க்ரூ போட்ட மூட்டு தளர்ந்தால் கால் திருப்பு திருப்பினால் சரி. பல்சக்கரம் வைத்து டக் டக்கென்று நிற்கும் மூட்டு தளர்ந்து நான் பார்த்ததில்லை. பந்து மூட்டுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும், அக்காவிடம் திட்டு வாங்கத் தயாராக இருந்தால். அடித்து ஏற்றிய ஆணிதான் வம்பு. ஒரு சின்னக் கம்பெனிப் பொம்மை, அதுவும் பெயர் வேண்டாம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இரும்பு ஆணியை இறுக்கி ஏற்றியிருந்தார்கள். முதல் சித்திரை வெயிலிலேயே தோளில் மயிரிழை விரிசல், ஆடி வருவதற்குள் கை தனியாக வந்துவிட்டது.

இன்னொன்று முழுக்க என் தப்பு. வெள்ளை உடம்புக்காரன் ஒருவனை மேற்குப் பார்த்த ஜன்னலில் இரண்டு கோடை நிறுத்தி வைத்தேன். வெயில் பட்ட பக்கம் பழுத்த மல்கோவா நிறம், மறுபக்கம் பால் வெள்ளை. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைத்தால் வெளுக்கும் என்கிறார்கள், செய்து பார்க்கத் தைரியம் வரவில்லை. மூலை இருட்டில் நிற்கும் கன்சோல் தகடு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, சந்தனம் நீங்கலாக.

இந்த வெயிலுக்குப் பயந்துதான் பாதி அலமாரியை ஏற்காட்டில் அத்தை வீட்டுக்கு மாற்றினேன். பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொண்டேன். மலையில் வெயில் இல்லை, பஞ்சு இல்லை, சரி, ஈரத்தை யார் நினைத்தது? ஒரு மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் ஸ்டிக்கர்கள் ஓரம் சுருண்டு, இரும்பு ஸ்க்ரூவைச் சுற்றிப் பழுப்புக் கோடு ஓடி, பிரிக்காமல் வைத்திருந்த இரண்டு பெட்டியில் அட்டை பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. பெட்டி பிரிக்காமல் வைத்தால் மதிப்பு ஏறும் என்பவர்கள் ஒரு முறை ஏற்காட்டில் வைத்துப் பார்க்கலாம். 80, 90-களில் வந்த சில தங்க நிறப் பிளாஸ்டிக் பொம்மைகள் தொடாமல் வைத்தாலும் தானாகவே பொடிந்து போகும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்த கதை. இப்போது நான் வாங்கிய அன்றே பிரித்துவிடுகிறேன். அத்தை சொன்ன வைத்தியம்தான் வேலை செய்தது: "பீரோவுக்குள்ள ஒரு ஜீரோ வாட் பல்பு எரிய விடு, பட்டுச்சேலைக்கு நான் அதத்தான் பண்றேன்." அதற்குப் பிறகு துரு ஏறவில்லை.

கன்சோலையும் ஒரு கோடை முழுக்க மேலே கொண்டுபோனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் 4.5 கிலோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்த காப்பித் தோட்டக்காரர் உள்ளே என்ன சாமி சிலையா என்று கேட்டார். மேலே விசிறிச் சத்தமே கேட்கவில்லை, கீழே மதியம் கேட்கிற சத்தத்தோடு ஒப்பிட்டால் வேறு மெஷின். ஆனால் பனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து தகட்டின் மேல் முத்து முத்தாக நிற்கும், பத்து மணிக்கு முன் சுவிட்ச் போட மாட்டேன். இடி இடித்தால் பிளக்கோடு நெட் வயரையும் உருவ வேண்டும்.

மீதி ஐந்தில் மூன்று குண்டம் கிட். 1979-இல் டிவியில் வந்த ரோபோ, 1980 முதல் பண்டாய் அதை மாடல் கிட்டாக விற்கிறது. கதையில் 18 மீட்டர், 144-இல் ஒரு பங்கு என்றால் கையில் 12.5 செ.மீ. பசை வேண்டாம், சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டிச் சொருகினால் போதும். வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிரை அப்பாவின் பட்டறை அரம் சுத்தமாக எடுத்துவிட்டது, சும்மா காட்டுகிறேன் என்று உட்கார்ந்தவர் ஒரு காலை முழுதாக முடித்துவிட்டுத்தான் எழுந்தார். இவற்றின் மூட்டுக்குள் ரப்பர் மாதிரி மெத்தென்ற வேறு பிளாஸ்டிக் வைத்திருக்கிறார்கள், நாலு வருடத்தில் மூன்றுமே தளரவில்லை. கடைசி இரண்டும் சோகோகின் வகை, 1974-இல் மாசிங்கர் ரோபோவோடு தொடங்கிய உலோக வார்ப்புப் பொம்மை. பெயருக்கே சூப்பர் உலோகக் கலவை என்று அர்த்தம். அப்பா தராசில் போட்டுப் பார்த்துவிட்டு "துத்தநாகக் கலவை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கனம் கையில் சுகமாக இருக்கிறது, ஆனால் உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் பெயின்ட் நிற்பதில்லை.

புதிதாக இனி அதிகம் வாங்கப் போவதில்லை. 2020 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரி 20-லிருந்து 60 சதவீதம், 2023-இல் 70. 2021 முதல் பிஐஎஸ் எனும் இந்தியத் தர முத்திரையும் கட்டாயம். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் நான் தேடுவது கடை அலமாரியில் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது.

கன்சோலை மாற்றிவிட்டு பிஎஸ் 5-இன் சின்ன மாடலான ஸ்லிம் எடுக்கலாமே என்று கேட்கிறார்கள். 3.2 கிலோ, தகடு நாலு துண்டு, நிறுத்தி வைக்க ஸ்டாண்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஏற்காடு பஸ்ஸுக்கு அது வசதி, மற்றபடி எனக்கு அவசரம் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் தை பிறந்ததும் இன்னும் இரண்டு தறி போடப்போகிறாராம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றுவதை மாதம் ஒரு முறையாக்க வேண்டும்.